நிலம் தர மறுக்கும் மலைக்கே போங்கள்

இமயமலைப் பக்கம் குடிபெயர எண்ணும் தமிழ் நண்பர்களுக்கு,

2020 ஊரடங்குக்குப் பிறகு உங்கள் கேள்விகள் எனக்கு வருவது நிற்கவே இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆகிவிட்ட மென்பொருள்காரர்கள், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்ட வங்கி ஊழியர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் தம்பதியர் எனப் பலரும் கேட்பது ஒன்றுதான்: ஹிமாச்சலப் பிரதேசமா, உத்தராகண்டா? இரண்டிலும் வாடகை வீட்டில் குடியிருந்தவள் என்பதால் என்னைக் கேட்கிறீர்கள். முதலில் குமாவுன் மலைகளில், முக்தேஷ்வர் பக்கம் இருந்தேன். இப்போது காங்ரா பள்ளத்தாக்கில், பாலம்பூருக்கு மேலே தௌலாதர் மலைத்தொடரின் அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். தனித்தனியாக எழுதிவந்ததை இம்முறை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன்.

உடம்பில் தெம்பும் கையில் வேலையும் இருந்தால் ஹிமாச்சலுக்கு வாருங்கள். இங்கே உங்களால் நினைத்தபடி நிலம் வாங்க முடியாது என்பதுதான் அதற்கு நான் சொல்லும் முதல் காரணம்.

இதைச் சொன்னதும் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. ‘இந்தியாவுக்குள்ளேயே நான் அந்நியனா?’ என்று கோபப்பட்ட நண்பர்களும் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது, அது எதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

1972ஆம் ஆண்டின் ஹிமாச்சலக் குத்தகை, நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் 118ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விவசாயி அல்லாதவருக்கு நிலம் கைமாறக் கூடாது என்பது அதன் சாரம். விவசாயி என்றால் யார்? ஹிமாச்சலுக்குள் நிலம் வைத்துத் தானே பயிர் செய்பவர். தஞ்சாவூரில் பத்து வேலி வைத்திருப்பவரும் இந்தக் கணக்கில் விவசாயி இல்லை. சிம்லா கடைவீதியில் தலைமுறைகளாக வியாபாரம் செய்துவரும் குடும்பமும், நிலம் இல்லையென்றால், விவசாயி இல்லை. அரசிடம் தனியே அனுமதி வாங்கி வீட்டுக்கென்று சிறிது இடம் பெற வழி உண்டு. நிபந்தனையை மீறினால் நிலம் அரசுக்குப் போய்விடும். மாநிலத்தின் முதல் முதல்வர் யஷ்வந்த் சிங் பர்மார் காலத்தில் வந்த சட்டம் இது. சமவெளியின் பணம் மலையேறி வந்தால் மலைக் குடியானவன் விற்றுவிட்டு நிற்பான் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. அந்த அச்சம் எவ்வளவு நியாயமானது என்பதைப் பக்கத்து மாநிலத்தில் குடியிருந்தபோது நான் கண்ணால் பார்த்தேன்.

உத்தராகண்ட் 2000 நவம்பர் 9 அன்று பிறந்தது. அதுவரை அந்த மலைகளுக்கு லக்னோதான் தலைநகர். தனி மாநிலம் ஆன பிறகு, 2003இல் வெளியாட்கள் வீட்டுக்காக 500 சதுர மீட்டர் வரை வாங்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். 2007இல் அதை 250ஆகக் குறைத்தார்கள். நகராட்சி எல்லைக்குள் அந்த வரம்பு கிடையாது. 2018இல் தொழில், சுற்றுலா என்ற பெயரில் கதவை அகலத் திறந்தார்கள். மக்கள் கொதித்து எழுந்தார்கள். 2023 டிசம்பரில் டேராடூன் தெருக்களில் திரண்டவர்கள் வலுவான நிலச் சட்டம் கேட்டார்கள். அந்தப் போராட்டங்களில் அடிக்கடி காதில் விழுந்த கோரிக்கை, ‘ஹிமாச்சலைப் போல ஒரு சட்டம்’ என்பதுதான். கடைசியில் 2025இல், ஹரித்வார், உதம் சிங் நகர் நீங்கலாக மற்ற 11 மாவட்டங்களில் வெளியாட்கள் விவசாய நிலமும் தோட்ட நிலமும் வாங்கத் தடை வந்தது. வீட்டு மனைக்கு மட்டும் அந்த 250 சதுர மீட்டர், அதுவும் ஒரு குடும்பத்துக்கு ஒருமுறை.

ஆனால் தடை வருவதற்குள் நிறையக் கைமாறிவிட்டது. ராம்கர், முக்தேஷ்வர், பீம்தால் பக்கம் ஆப்பிளும் பேரியும் பீச் பழமும் காய்த்த படிக்கட்டுத் தோட்டங்கள் சிறு சிறு மனைகளாக வெட்டப்பட்டன. ஒவ்வொரு மனையிலும் ஒரு பங்களா எழுந்தது. பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து, பனிமலைக் காட்சிக்கென்றே கட்டிய வீடுகள் அவை. மே மாதம் இரண்டு வாரமும் டிசம்பர் கடைசியும் தவிர அவற்றில் விளக்கு எரியாது. நிலத்தை விற்ற குடும்பத்தின் பையன் அதே இடத்துக்குக் காவல்காரனாகச் சம்பளத்துக்கு நிற்கிறான். எனக்குப் பால் ஊற்றிய அம்மாவின் மூத்த மகன் அப்படித்தான் நின்றான். தன் தாத்தா நட்ட மரங்களுக்குக் கீழே, வருடத்துக்கு ஒருமுறை வரும் முதலாளியின் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தான். விற்ற பணம் தங்கையின் கல்யாணத்துக்கும் ஹல்த்வானியில் ஒரு சின்ன மனைக்கும் சரியாகப் போயிற்று. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விலை கூறிக்கொண்டு ஆள் வாசலில் வந்து நிற்கும்போது, கடனோடு இருப்பவர் எத்தனை நாள்தான் மறுப்பார்?

நம் நீலகிரியில் இதே கதையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் சிறு விவசாயிகள் விற்க, குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைச் சரிவுகளில் சொகுசு வீடுகள் முளைத்தன. வண்டிகளின் கூட்டம் தாங்காமல் 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் கொண்டுவர வேண்டியதாயிற்று. நம் மலையில் எது நடக்கக் கூடாது என்று வருந்துகிறோமோ, அதை இன்னொருவர் மலையில் நாம் செய்யலாமா?

குடியானவர் நிலத்தில் இருப்பதால் வாடகைக்காரருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். என் கிராமத்தைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருக்கிறார், மாடு வைத்திருக்கிறார், நெல்லும் கோதுமையும் விதைக்கிறார். தௌலாதர் பனி உருகி வரும் தண்ணீரைக் ‘கூல்’ என்று இவர்கள் சொல்லும் வாய்க்கால்கள் வயலுக்குக் கொண்டுவருகின்றன; அவற்றைத் தூர்வாரும் முறை ஊரில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் இருப்பதால் அரசுப் பள்ளி நடக்கிறது. பள்ளியும் சந்தையும் இருப்பதால் காலையும் மாலையும் அரசுப் பேருந்து வருகிறது. மகளிர் மன்றம் கூடிப் பேசுகிறது. இலையுதிர் காலத்தில் கத்தி (Gaddi) இனத்து இடையர்கள் ஆட்டு மந்தைகளோடு மலையிலிருந்து இறங்கி ஊர் வழியே போகிறார்கள். எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு குளிர்காலத்தில் கஞ்சி கொண்டுவந்தவர்கள் மூன்று வீட்டார். பூட்டிக் கிடக்கும் பங்களாக்களின் நடுவே இருந்திருந்தால் யார் வந்திருப்பார்கள்?

இவ்வளவும் அந்த ஒரு சட்டப் பிரிவால்தான் என்று சொல்ல மாட்டேன். 1971 ஜனவரி 25 அன்று முழு மாநிலம் ஆவதற்கு முன்பிருந்தே ஹிமாச்சல் மலைக்காகவே ஆளப்பட்ட இடம். சாலையும் பள்ளியும் மின்சாரமும் மலைக் கிராமத்தைக் கணக்கில் வைத்தே போடப்பட்டன. இந்தியாவின் தொடக்கக் கல்வி பற்றி 1999இல் வந்த ‘ப்ரோப்’ அறிக்கை, ஹிமாச்சலின் பள்ளிக்கல்வி வளர்ச்சியைப் புரட்சி என்றே எழுதியது. மேல் மலைகளில் ஆப்பிள் பணம் கிராமத்துக்கே திரும்பி வந்தது. உத்தராகண்டின் மலை மாவட்டங்களுக்கு இது எதுவும் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. ஆண்கள் பட்டாளத்துக்கும் டெல்லி ஓட்டல்களுக்கும் போனார்கள், வீடு மணியார்டரில் நடந்தது. தனி மாநிலம் வந்த பிறகும் வளர்ச்சி டேராடூன், ஹரித்வார், ஹல்த்வானி என்று அடிவாரத்திலேயே தங்கிவிட்டது. பௌரி, அல்மோடா மாவட்டங்களில் 2001க்கும் 2011க்கும் இடையே மக்கள்தொகை குறைந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் 2011 கணக்கெடுப்பில் ஆளில்லாமல் இருந்தன. பேய்க் கிராமங்கள் என்று அவர்களே அழைக்கிறார்கள். அதே கணக்கெடுப்பில் ஹிமாச்சல மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கிராமத்தில் இருந்தார்கள். மலைக்குக் குடிபோகிறவர் இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும் என்பேன்.

வெளியூர்க்காரர் ஒருவரால் ஹிமாச்சலுக்கு நன்மை விளைந்த கதையும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் 1904இல் இந்தியாவுக்கு வந்தார். கோட்கரில் குடியேறி, அந்த ஊர்ப் பெண்ணை மணந்தார். மலைமக்களை வாட்டிய கட்டாயக் கூலிமுறையை எதிர்த்துப் போராடினார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். 1916 வாக்கில் அவர் நட்ட அமெரிக்க ஆப்பிள் ரகங்கள்தான் பின்னாளில் அந்த மலையின் பிழைப்பை மாற்றின. அவர் நிலம் வாங்கினார், உண்மை. ஆனால் அதில் உழுதார். கற்றதை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார். நம்மில் எத்தனை பேர் அப்படி வரப்போகிறோம்?

ஹிமாச்சலிலும் குறைகள் உண்டு. மாநில அரசுகள் ஓட்டல்களுக்கும் ஆலைகளுக்கும் அனுமதிகளை வழங்கிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. கின்னௌரில் அணை மேல் அணையாகக் கட்டியது போதாதென்று இன்னும் திட்டங்கள் வர, ‘வேண்டாம் என்றால் வேண்டாம்’ என்று இளைஞர்கள் இயக்கமே நடத்தினார்கள். பர்வானூவிலிருந்து சோலன் வரை நான்கு வழிச் சாலைக்காக மலையைச் செங்குத்தாக வெட்டியதன் விலையை 2023 மழையில் கண்டோம். அந்த ஆகஸ்டில் சிம்லாவின் சம்மர் ஹில் சிவன் கோயில் மீது மலை சரிந்து, வழிபட வந்தவர்கள் மாண்டார்கள். 2025இல் மண்டி மாவட்டத்தின் சேராஜ் பள்ளத்தாக்கை வெள்ளம் வாரிச் சென்றது. இப்படியே போனால் ஹிமாச்சலம் வரைபடத்திலிருந்தே மறைந்துவிடும் என்று உச்ச நீதிமன்றமே அந்த ஆண்டு கவலைப்பட்டது.

உத்தராகண்டின் பட்டியல் இதைவிடச் சிறியது இல்லை. 2013 ஜூனில் கேதார்நாத் வெள்ளம். 2021 பிப்ரவரியில் சமோலி வெள்ளம். 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரமே விரிசல் விட்டு, குடும்பங்கள் நடுக்குளிரில் வீட்டைவிட்டு வெளியேறின. அந்த நிலம் கனத்தைத் தாங்காது என்று 1976லேயே மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. 2025 ஆகஸ்ட் 5 அன்று தராலி வெள்ளம். கோடையில் ஊசியிலைக் காடுகள் எரியும் புகை வேறு. நிலநடுக்கத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. 1905 ஏப்ரல் 4 அன்று நான் இப்போது குடியிருக்கும் காங்ராவில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். ஆகவே ஆபத்தைப் பொறுத்தவரை மாநிலத்தைப் பார்த்துப் பயனில்லை, வீடு நிற்கும் சரிவைப் பாருங்கள்.

வீடு பார்க்க மே மாதத்தில் வராதீர்கள், ஆகஸ்டில் வாருங்கள். மே மாதத்தில் எல்லா வீடும் அழகு. ஆகஸ்டில்தான் சுவரில் பூஞ்சை தெரியும். பாதையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரியும். வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கும் கல்சுவர் இருக்கும், இங்கே ‘டங்கா’ என்பார்கள். அது வயிறு புடைத்து நிற்கிறதா, நீர் வடியத் துளை விட்டிருக்கிறார்களா என்று தொட்டுப் பாருங்கள். ஓடைக்கரையில் காலி இடம் கிடக்கிறதென்றால், ஊர்ப் பெரியவர்கள் ஏன் அங்கே வீடு கட்டாமல் விட்டார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். புதிய கான்கிரீட் தூண்களில் தொங்கும் நாலு மாடியைவிட, சிலேட் கூரை போட்ட பழைய மண் வீடு எவ்வளவோ மேல். மரச்சட்டம் கோத்துக் கட்டியது கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கட்டாயம் கேட்க வேண்டும். இமயமலை ஊற்றுகளில் ஏறத்தாழப் பாதி வற்றிக்கொண்டிருப்பதாக 2018இல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. அதே ஆண்டு கோடையில் சிம்லாவில் குழாய்கள் காய்ந்து, சுற்றுலாக்காரர்களை வராதீர்கள் என்று ஊர்க்காரர்களே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாநிலத்திலும் இந்தி இல்லாமல் காலம் தள்ள முடியாது. இணையம் நகரங்களிலும் பீர், தர்மசாலா போன்ற இடங்களிலும் நன்றாகவே கிடைக்கும். பனியிலும் இடியிலும் மின்சாரம் போகும். குடிவந்ததும் காவல் நிலையத்தில் விவரம் பதிய வேண்டும். அரிசி, பருப்புக்குப் பஞ்சமில்லை, நல்ல புளி மட்டும் கொண்டுவாருங்கள்.

உத்தராகண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். வயதான பெற்றோரை உடன் அழைத்து வருபவர்கள், இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் டேராடூன் பள்ளத்தாக்கிலேயே வீடு பாருங்கள். ரிஷிகேஷில் எய்ம்ஸ் இருக்கிறது, பக்கத்திலேயே விமான நிலையம், ரயிலும் உண்டு. எங்கள் பக்கம் டாண்டாவில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022இல் பிலாஸ்பூரில் எய்ம்ஸும் திறந்தார்கள். ஆனாலும் நிலைமை கைமீறினால் இன்னும் சண்டிகருக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. மலைச்சாலையில் அது ஆறேழு மணி நேரம். எழுபது வயதுத் தாயை வைத்துக்கொண்டு அந்த ஆறேழு மணி நேரத்தோடு விளையாடாதீர்கள்.

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் இளையவர்களுக்கு ஒரு தகவல். உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 முதல் பொது சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி மாநிலத்தில் குடியிருக்கும் அத்தகைய ஜோடிகள் அரசிடம் பதிய வேண்டும். ஒரு மாதம் தாண்டியும் பதியாவிட்டால் தண்டனை உண்டு. இரண்டு பெரியவர்களின் வாழ்க்கைக்குள் அரசு இவ்வளவு தூரம் வருவதை நான் ஏற்கவில்லை. நீங்கள் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஓய்வுபெற்ற நண்பர்கள் என்னிடம் சொல்லும் மறுப்பு ஒன்று இருக்கிறது. ‘அறுபது வயதுக்கு மேல் வாடகை வீட்டிலா? நாளைக்கு எழுந்து போ என்றால்?’ நியாயமான பயம். நம் சமூகத்தில் சொந்த வீடு என்பது பாதுகாப்பு மட்டுமன்று, மரியாதையும்கூட. அதனால்தான் சொல்கிறேன், ஊரில் இருக்கும் வீட்டை விற்காதீர்கள். கோவையிலோ திருச்சியிலோ அது இருக்கட்டும், அந்த வாடகையில் இங்கே இருங்கள். முழங்கால் ஒத்துழைக்காத வயது வரும்போது மலை யாருக்கும் சொந்த ஊராக இருக்க முடிவதில்லை. இங்கே பிறந்தவர்களே மகன் வீட்டுக்குச் சமவெளிக்கு இறங்கிப் போகிறார்கள். பல ஆண்டு ஒப்பந்தம் போடுவதென்றால் முதலில் உள்ளூர் வக்கீலைப் பாருங்கள். ஹிமாச்சலில் குத்தகையும் 118ஆம் பிரிவுக்குள் வரக்கூடியது.

தரகர் ஒருவர் உங்களுக்கு வேறொன்று சொல்வார், அல்லது ஏற்கெனவே சொல்லியிருப்பார். ‘உள்ளூர்ப் பையன் பெயரில் வாங்கிவிடலாம், பவர் உங்களிடம் இருக்கும், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.’ இதற்குப் பெயர் பினாமி. பிடிபட்டால் உங்கள் சேமிப்பு போகும். அந்தப் பையனின் குடும்பம் தாலுகா அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலையும். பிடிபடாவிட்டாலும், அந்த ஊரில் நீங்கள் இருக்கும் ஒவ்வொரு நாளும் அக்கம்பக்கம் அனைவருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். பட்வாரி என்னும் கிராமக் கணக்கர் நிலப் பதிவேட்டின் நகலை எடுத்துத் தருவதற்கு முன்பே டீக்கடையில் உங்கள் பெயர் அடிபடும். முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் இந்த வாரமே பேசித் திரும்பக் கேளுங்கள். பாதிதான் வரும் என்றாலும் வாங்கிக்கொண்டு விலகுங்கள்.

வீடு தேட வருகிறவர்கள் என் ஊரில் தங்கிக்கொள்ளலாம், வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து பாலம்பூருக்கு ஹிமாச்சல அரசுப் பேருந்தில் ஏறுங்கள். பதான்கோட்டிலிருந்து வரும் சின்ன ரயிலை மழைக்காலத்தில் நம்ப வேண்டாம். 2022 ஆகஸ்டில் வெள்ளத்தில் அதன் சக்கி ஆற்றுப் பாலமே இடிந்து விழுந்தது.

அன்புடன்,
காங்ராவிலிருந்து உங்கள் தோழி